பேரம் பேசாமல் வாங்கிய படம்

பேரம் பேசாமல் வாங்கியிருக்கிறார் சார், அந்த மனுஷன். சீட்டில் என்ன விலை எழுதியிருந்ததோ அதை அப்படியே எடுத்துக் கொடுத்துவிட்டு, நன்றி வேறு சொல்லிவிட்டு வந்திருக்கிறார். என்னிடம் எட்டு வருஷம் ஐம்பது ரூபாய்க்கு அரை நாள் மல்லுக்கட்டியவர். ஒரு பித்தளைப் பூட்டுக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டவர். அவர் செய்யலாமா இதை? நீங்களே சொல்லுங்கள்.

வழிதானே கேட்டீர்கள், சொல்கிறேன். முத்தியால்பேட்டை, மணிக்கூண்டு தாண்டி இடது பக்கம் இரண்டாவது தெரு. பழைய பல் ஆஸ்பத்திரி வீடு என்றால் யாரும் காட்டுவார்கள். பேரை நான் சொல்ல மாட்டேன். ஏழு வாரமாக அந்தப் பேரை இந்தக் கடையில் யாரும் சொல்வதில்லை. பல் டாக்டர், அவ்வளவுதான். நீங்கள் கேமரா பையோடு வந்து நின்று, "கோட்டை முற்றுகைப் படம் வெச்சிருக்கிற டாக்டர் வீடு எங்க?" என்று கேட்டதுமே எனக்கு வயிறு எரிந்தது. புத்தகத்தில் போடப் போகிறீர்களா? மூன்றையுமா? அப்படியென்றால் முதலில் உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், அது விற்பனைக்கு. இதில் உட்காருங்கள்.

அவர் சுவரில் மூன்று படம் இருக்கும். முதல் இரண்டும் இந்தத் தணிகாசலம் கொடுத்தது. மூன்றாவது அவளிடம், அதுதான் அந்தம்மாவிடம் வாங்கியது. நாலு வீடு தள்ளிக் கண்ணாடிக் கதவு போட்டு ஒரு கடை இருக்கிறதே, வரும்போது பார்த்திருப்பீர்கள். அவள் பேர் பெர்னதெத். நீங்கள் உள்ளே போகவில்லையே? நல்லது.

நான் படித்தது ஐந்தாவது. மீதியெல்லாம் அடிபட்டுப் படித்தது. மதகடிப்பட்டு மாட்டுச் சந்தையில் தரகு பார்த்தேன். பழைய இரும்பு எடுத்தேன். இடிக்கிற வீடுகளில் கதவு, ஜன்னல் எடுத்தேன். ஒரு தடவை விவரம் தெரியாமல் ஒரு வெண்கல விளக்கை எடைக்குப் போட்டேன். வாங்கியவன் அதை என்ன விலைக்கு விற்றான் என்று கேள்விப்பட்ட அன்று எனக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. அன்றைக்குப் படித்தேன் சார் பாடம். ஒருத்தன் ஒரு பொருளை ஆசையாகக் கேட்டால் உடனே காட்டக் கூடாது. இல்லை என்று சொல்லணும். பார்க்கலாம் என்று சொல்லணும். அவனைக் காய விடணும். அதுதான் தொழில்.

பல் டாக்டர் முதல் தடவை என் கடைக்கு வந்தது வாங்குவதற்கு இல்லை, விற்பதற்கு. ஆஸ்பத்திரியை மூடிவிட்டார், பல் பிடுங்குகிற நாற்காலியைத் தள்ளிவிட வந்தார். வந்தவர் நாற்காலியை மறந்துவிட்டார். சுவரில் இருந்த படத்தில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார். கடலோரத்துப் பழைய வீடு ஒன்றைக் காலி செய்தபோது நான் தேக்குச் சட்டத்துக்காக எடுத்த படம் அது. உள்ளே இருந்த காகிதத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு முகம் பார்க்கிற கண்ணாடி மாட்டலாம் என்றுதான் வைத்திருந்தேன்.

"இது என்னன்னு தெரியுமாய்யா உனக்கு?"

"மேப்பு டாக்டர்."

"எந்த ஊர் மேப்பு?"

"ஏதோ வெள்ளைக்காரன் ஊரு."

சிரித்தார். "நீ நிக்கிற ஊருய்யா. புதுச்சேரி. இங்கிலீஷ்காரன் கடல் பக்கமும் தரைப் பக்கமும் வளைச்சுக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கான், பாரு. இது கோட்டை. இது ஊரைச் சுத்திப் போட்ட முள்வேலி. பீரங்கி மேடைக்கெல்லாம் ஒவ்வொரு எழுத்து போட்டிருக்கான். இங்க, தெக்கால, ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பேர் இருக்கே, படி."

"எனக்கு இங்கிலீஷ் வராது டாக்டர்."

"இது பிரெஞ்சு. அரியாங்குப்பம்னு போட்டிருக்கான்."

சார், நான் அரியாங்குப்பத்தில் பிறந்தவன். பாரிஸில் எவனோ ஒருத்தன் உட்கார்ந்து செப்புத் தகட்டில் ஊசி மாதிரி ஒன்றை வைத்து என் ஊரைக் கீறியிருக்கிறான். ஆறு கீறியிருக்கிறான், தென்னை மரம்கூடத் தனித்தனியாகக் கீறியிருக்கிறான். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அந்த நிமிஷமே விலையை மூன்று மடங்கு ஏற்றினேன்.

"காட்டிக் குடுத்ததே நான்தான், எனக்கே ஏத்துறியா?" என்றார்.

"ஊர் என்னுது டாக்டர்" என்றேன்.

அப்படி ஆரம்பித்தது. ஆடிப் போய்விட்டார் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு பதினொரு மணிக்கு வந்து நின்றார். அன்றைக்குத்தான் அவருக்குத் துண்டு போடச் சொல்லிக்கொடுத்தேன். மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டோம். இரண்டு பேர் கைமேலும் துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்துத்தான் பேசுவோம். ஒரு விரல் பிடித்தால் ஆயிரம், இரண்டு பிடித்தால் இரண்டாயிரம், பாதி விரலைத் தொட்டால் ஐந்நூறு. பக்கத்தில் நிற்கிறவனுக்கு விலை தெரியக் கூடாது என்பதற்காக. என் கடையில் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இரண்டு பேர்தான். யாருக்கு மறைக்க? ஆனாலும் துண்டு போட்டுத்தான் பேசுவோம். பல் பிடுங்கிய விரல் சார் அது, பிடித்தால் விடாது. என் மனைவி கோமளவல்லி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, "ரெண்டு கிழமும் கையைப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருக்குதுங்க பாரு" என்று சொல்லிவிட்டுப் போவாள்.

முதல் படம் நாலு ஞாயிறு. இரண்டாவது படம், அடுத்த வருஷம் கிடைத்தது, ஆறு ஞாயிறு. அதில் புயல். முற்றுகைக்கு வந்த கப்பல்களைப் புயல் வந்து அடித்துப் போடுகிறது. பாய்மரம் முறிந்து ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கும். டாக்டர் கண்ணாடிகூடப் போடாமல் அந்தப் பொடி எழுத்தையெல்லாம் கடகடவென்று படித்துக்காட்டுவார்.

"மூணு படம் ஒரு செட்டுய்யா" என்றார். "வளைச்சது ஒண்ணு. புயல் ஒண்ணு. மூணாவது, ஊரைப் புடிச்சு கோட்டையை இடிச்சுத் தரைமட்டமாக்கினது. அதை நான் ஒரு தடவை பாத்துடணும்."

"தோத்தவன் எதுக்கு டாக்டர் மேப்பு போடுறான்?"

"தோத்தவனுக்குத்தான்யா எங்க தோத்தோம்னு தெரிஞ்சுக்கணும்."

"நான் தேடித் தரேன்" என்று வாக்குக் கொடுத்தேன். ஞாயிறு தவறாமல் வருவார். "கிடைச்சுதா?" என்பார். "இல்லை" என்பேன். பிறகு ஒரு மைக்கூடு, ஒரு கடிகாரச் சாவி, ஏதாவது ஒன்றுக்குத் துண்டைப் போட்டு உட்காருவோம்.

கிடைத்தது சார். இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி மழையில், காரைக்காலில் ஒரு பழைய நொத்தேர் வீட்டில். பத்திரம் எழுதுகிறவர், நல்ல காகிதம் வைத்திருப்பார் என்று எனக்கு ஒரு கணக்கு. அலமாரிக்குப் பின்னால் சுருட்டிச் செருகியிருந்தார்கள். பிளாஸ்டிக் குழாய் வாங்கி அதற்குள் போட்டு, மழையில் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பிள்ளையைத் தூக்கிவருவது மாதிரி.

அடுத்த ஞாயிறு டாக்டர் வந்தார். "கிடைச்சுதா?" என்றார்.

"இல்லை" என்றேன்.

வாய் தானாகச் சொல்லிவிட்டது. தொழில் சார், தொழில். கேட்டவுடனே எடுத்து நீட்டினால் அதற்கு என்ன மரியாதை? அதற்கடுத்த வாரம், "காரைக்கால்ல ஒருத்தர்கிட்ட இருக்குதாம், மசிய மாட்டேங்கிறார்" என்றேன். அவர் முகம் அப்படி மலர்ந்தது. எவ்வளவு கேட்கிறார், எப்படிப் பேசுகிறார், ஆள் எப்படி என்று ஒரு மணி நேரம் கேட்டார். இல்லாத ஒரு ஆளை உண்டாக்கி, அவனுக்குச் சர்க்கரை வியாதி கொடுத்து, மருமகனோடு சண்டை கொடுத்து, வாராவாரம் கதை சொன்னேன். டாக்டர் ரசித்துக் கேட்டார்.

கோமளவல்லிதான் பிடித்துக்கொண்டாள். "ஏங்க, பொருள் உள்ளதானே கிடக்குது. அந்த மனுஷனுக்குக் குடுத்தா என்ன?"

"விலை ஏறட்டும்."

"விலை ஏறுதா? மூணும் சேர்ந்துட்டா அவர் வரமாட்டார்னு உங்களுக்குப் பயம்."

"போடி, போய் வேலையைப் பாரு" என்றேன். பெண்பிள்ளைகளுக்கு வியாபாரம் தெரியாது. பயமாம். நான் யாருக்கும் பயந்தவன் இல்லை.

அந்த இரண்டு வருஷத்தில் டாக்டரும் பேரத்தில் கைதேர்ந்துவிட்டார், அதையும் சொல்லணும். புதுசாக ஒரு வித்தை பிடித்தார். எதைக் கொடுத்தாலும், "மங்கலா இருக்கேய்யா" என்பார். லென்ஸ் ஒன்று எடுத்து வைத்துப் பார்ப்பார். பிறகு அதைவிடப் பெரிய லென்ஸ். "எழுத்தே தெரியலையே" என்பார். பொருளை மட்டம் தட்டினால் விலை இறங்கும் என்று எல்லாரும் செய்கிற வேலைதான். நான் விடுவேனா? "பொருள் பளிச்சுனுதான் இருக்கு டாக்டர், மேல சொல்லுங்க" என்பேன். போன கோடையில் ஒரு நாள் நான் அவருக்கு விற்ற புயல் படத்தின் நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, "நடுவுல ஒரு கப்பல் இருக்குமே, அது எந்தப் பக்கம் சாஞ்சிருக்கு, சொல்லு" என்றார். "ஏன், உங்களுக்குத் தெரியாதா?" என்று சிரித்தேன். அவரும் சிரித்தார். கெட்டிக்கார மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் அவள் வந்து கடை போட்டாள். பாரிஸில் இருபது வருஷம் இருந்தாளாம். பழைய காகிதத்தைக் கழுவி ஒட்டுகிற வேலையாம். சுவர் முழுக்க வெள்ளை. சுவருக்கு ஒரு படம், அதன் கீழே ஒரு சீட்டு, சீட்டில் ஒரு விலை. வாசலில் பலகை: "ஒரே விலை." எப்படி இருக்கிறது பாருங்கள் திமிர்! மனுஷனுக்கு மனுஷன் முகம் வேறு, பை வேறு, பசி வேறு. எல்லாருக்கும் ஒரே விலை என்றால் அது கடையா, கரண்ட் ஆபீஸா? வேவு பார்த்துவிட்டு வா என்று கோமளவல்லியை அனுப்பினேன். அவள் எலுமிச்சை ஜூஸ் குடித்துவிட்டு வந்து, "நல்ல பொம்பளைங்க. ஏசி போட்டு உக்கார வெச்சுது. உங்களைப் பத்திக்கூட விசாரிச்சுது" என்கிறாள். என்னைப் பற்றி விசாரிக்க இவள் யார்?

ஆவணியில் ஒரு ஞாயிறு. பதினொன்றாயிற்று, பதினொன்றரை ஆயிற்று, டாக்டர் வரவில்லை. டீ ஆடை கட்டிவிட்டது. சரி, உடம்புக்கு என்னவோ என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். நாலு வீடு தாண்டினேன். கண்ணாடிக் கதவுக்குள்ளே உட்கார்ந்திருக்கிறார்.

மேசைமேல் மூன்றாவது படம். மேலே கண்ணாடி இல்லை, சட்டம் இல்லை, வெறும் காகிதம். அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவர் விரலைப் பிடித்துக்கொண்டு, படத்தின்மேல் மெதுவாக நகர்த்துகிறாள். ஏதோ வாசித்துச் சொல்கிறாள், அவர் தலையை ஆட்டுகிறார். தகட்டை அழுத்தி அச்சடித்த படம் இல்லையா, ஓரத்தில் ஒரு பள்ளம் இருக்கும், கோடெல்லாம் மையோடு கொஞ்சம் மேடாக இருக்கும். அந்தப் பள்ளத்திலேயே விரலை ஓட்டி ஓட்டி ஒரு சுற்றுச் சுற்றினார். கண்ணை மூடிக்கொண்டார் சார். நம்ப மாட்டீர்கள். என்னிடம் எட்டு வருஷம் விரல் பிடித்தவர், எனக்குத் தெரியாத ஒரு பாவனை அந்த முகத்தில். துண்டுகூடப் போடவில்லை. தெருவே பார்க்க, வெட்டவெளியில்!

பத்தே நிமிஷம். பையில் கையை விட்டார். எண்ணிக் கொடுத்தார். அவள் சீட்டைக் கிழித்தாள். முடிந்தது.

நான் எப்படி உள்ளே போனேன் என்று எனக்கே தெரியவில்லை.

"வாங்க அண்ணே, உக்காருங்க" என்றாள்.

"நான் உக்கார வரல. டாக்டர்! என்ன விலை குடுத்தீங்க?"

"சீட்டுல இருந்த விலைய்யா."

"கேக்கலையா? குறைச்சுக் கேக்கலையா?"

"இல்லைய்யா" என்றார். "கேக்கத் தோணலை."

அந்த வார்த்தைதான் என்னைப் பைத்தியமாக்கியது. கேட்கத் தோன்றவில்லையாம்! "ஓரம் வெட்டின படம் இது!" என்று கத்தினேன். "பாருங்க, இந்தப் பக்கம் ரெண்டு விரக்கடை இல்லை. உங்க தலையில கட்டிட்டா. என்கிட்ட இருக்கு டாக்டர் இதே படம், முழுசா, ஒரு புழு அரிக்காம, ரெண்டு வருஷமா உள்ள வெச்சிருக்கேன் உங்களுக்காக!"

அவள் என்னைப் பார்த்தாள். டாக்டர் என் குரல் வந்த பக்கம் திரும்பினார்.

"ரெண்டு வருஷமாவா?" என்றார்.

"ஆமா. காரைக்கால்ல எடுத்தது."

"அந்தச் சர்க்கரை வியாதிக்காரர்?"

"அப்படி யாரும் இல்லை டாக்டர். அது சும்மா, பேரத்துக்கு."

கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். சண்டையென்றால் எனக்குத் தெரியும். மனுஷன் கத்தவில்லை. மேசையைத் தடவி எழுந்தார். "ரெண்டு வருஷம் முன்னாடின்னா நான் அதைக் கண்ணால பாத்திருப்பேன் தணிகாசலம்" என்றார். அவ்வளவுதான். அவள் கையைக் கொடுத்தாள், பிடித்துக்கொண்டு படி இறங்கினார். ஆட்டோ வந்தது, போய்விட்டார்.

இதில் என் தப்பு என்ன சொல்லுங்கள். கண் போகிறது என்றால் நேராகச் சொல்ல வேண்டாமா? சொன்னார்தான். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பேரத்தின் நடுவில் சொன்னார். பேரத்தின் நடுவில் சொல்வதை எவன் நம்புவான்? கடையை விட்டு இறங்கி, தெருவில் நின்று, தணிகாசலம் எனக்குக் கண் மங்குகிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே எடுத்துக்கொண்டு ஓடியிருப்பேனே. அவளிடம் மட்டும் போன அன்றே சொல்லியிருக்கிறார். நேற்று வந்தவளிடம்!

ஏழு ஞாயிறு ஆகிவிட்டது. நானும் சும்மா இருக்கவில்லை. இரண்டாவது வாரம், அவரைக் கூட்டிப்போன ஆட்டோக்காரரிடம், காரைக்கால் படத்துக்குச் சொன்ன விலையில் இரண்டாயிரம் குறைத்துக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். நான் வாயால் குறைப்பேனா சார்? என் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டவனிடம்கூட நான் இறங்கியதில்லை. பதில் இல்லை. மூன்றாவது வாரம் நாலாயிரம் என்று சொல்லி அனுப்பினேன். அதற்கும் பதில் இல்லை. அதற்கு மேல் ஒரு மனுஷன் எப்படிச் சார் இறங்குவது?

கோமளவல்லி சொல்கிறாள், "நானே எடுத்துட்டுப் போய் சும்மா குடுத்துட்டு வரேன், போதும்" என்று. சும்மாவா? சும்மா கொடுத்துவிட்டால் அவர் எதற்குத் திரும்பி வரணும்?

இருங்கள், எடுத்துக் காட்டுகிறேன். இந்தாருங்கள், இந்த முனையைப் பிடியுங்கள். கையில் வேர்வை இல்லையே? பாருங்கள். நாலு பக்கமும் ஓரம் முழுசு. இதுதான் கோட்டை இருந்த இடம். வெறும் புள்ளிக் கோடு. சுவர் இருந்த இடத்திலெல்லாம் புள்ளி புள்ளியாக வைத்துவிட்டான். கடல் மட்டும் அப்படியே இருக்கிறது. அவளுடையதில் இந்தக் கடல் பாதிதான் இருக்கும், வேண்டுமானால் அளந்து பாருங்கள். இதையும் நாற்பது தடவை எடுத்துத் தடவிப் பார்த்துவிட்டேன், அவர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. காகிதம்தான் தெரிகிறது. அவருக்கு என்ன தெரிந்ததோ.

உங்கள் புத்தகத்தில் இதைப் போடுங்கள். அவளுடையதைப் போடாதீர்கள். இதை அவர் படம் என்றே போடுங்கள், என் பேர்கூட வேண்டாம். என்ன, தர மாட்டேனா என்கிறீர்களா? உங்களுக்கு எதற்குச் சார் தரணும்? அவர் வரட்டும்.

போய்ச் சொல்லுங்கள் அவரிடம். தணிகாசலம் கோபமாகத்தான் இருக்கிறான் என்று சொல்லுங்கள். எட்டு வருஷம் பழகிவிட்டு, கேட்கத் தோன்றவில்லை என்று ஒரு வார்த்தையில் முடித்துக்கொண்டு போகிற உரிமை அவருக்கு இல்லை என்று சொல்லுங்கள். அவர்தான் இதைச் சரி பண்ணணும். வந்து விலை கேட்கணும். எவ்வளவு கேவலமான விலையானாலும் கேட்கட்டும், பத்து ரூபாய்க்குக் கேட்கட்டும். நான் முடியாது என்றுதான் சொல்வேன், என் வாய் அப்படி, அது அவருக்கும் தெரியும். அதைக் கேட்டு எழுந்து போய்விடக் கூடாது. இன்னொரு தடவை கேட்கணும். பாதை தெரியாது என்று சாக்குச் சொல்ல வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை மணிக்கூண்டுக்கே நான் வந்து நிற்கிறேன், கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வருகிறேன். ஆனால் முதல் விலை அவர்தான் சொல்லணும்.